பிரிண்டருக்கு ஆளைத் தெரியேல்லை

...ஓம் பிள்ளை, நீர் கேள்விப்பட்டது சரிதான், என்ர மருமகளுக்கு வேலை நிரந்தரமாயிட்டுது! இஞ்சால வாரும், வேலியடியில நிண்டே சொல்லுறன்.

ஊரில படிப்பிச்சவள், அவுஸ்திரேலியாவுக்கு, இந்த நோபல் பார்க்குக்கு வந்து கோழி வெட்டுற ஃபக்டரியில நிண்டவள். பிறகு கொம்பியூட்டர் படிச்சு, ஒரு கொம்பனிக் கந்தோரில சோதனையா வேலைக்கு எடுத்தவை. அங்க ரெண்டு விதமான கொம்பியூட்டராம். பிளான் கீறுறவைக்கு யூனிக்ஸ், கணக்குப் பாக்கிறவைக்கு விண்டோஸ். ஒண்டு கதைக்கிறது மற்றதுக்கு விளங்காது, எங்கட சம்பந்திமார் மாதிரி. பிரிண்டர் யூனிக்ஸ் பக்கத்தில. ரெண்டு பகுதியும் அதிலயே அடிக்கவேணும். வெள்ளிக்கிழமைக்குள்ள செய்து காட்டினா வேலை, இல்லாட்டித் திரும்பக் கோழிதான்.

பாவம், வீட்டுக் கராஜுக்குள்ள ரெண்டு பழைய கொம்பியூட்டரை வைச்சு அதேமாதிரிச் செய்து பாத்தவள். விண்டோஸில இருந்து என்ர மகன் அனுப்பினாப் பேப்பர் வருது. இவள் அனுப்பினா, ஆளைத் தெரியாதெண்டு சொல்லுதாம்! நான் தேத்தண்ணியோட போனா, கண் கலங்கி இருக்கிறாள்.

மகனுக்குப் பகிடி. "மெஷினும் உமக்குப் பயப்பிடுது போல."

"சும்மா இருங்கோப்பா! உங்களை விடுது, என்னை ஏன் விடேல்லை?" எண்டவள், டக்கெண்டு நிமிந்தாள். "விண்டோஸில என்ர பேரை ஆர் பதிஞ்சது?"

"நான்தான். பாஸ்போட்டில இருக்கிறமாதிரி, என்ர பேரையும் சேத்து."

"ஐயோ, யூனிக்ஸில நான் அப்பான்ர பேரை எல்லோ போட்டனான், சேர்ட்டிபிக்கேட்டில இருக்கிறமாதிரி!"

பாத்தீரே? எங்கட பொம்பிளையளுக்குக் கலியாணத்துக்கு முன்னம் தேப்பன்ர பேர், பிறகு புருசன்ர பேர். வெள்ளைக்காரன்ர மெஷினுக்கு அது தெரியுமே? ரெண்டு பொம்பிளையள் எண்டு நினைச்சிட்டுது. கந்தோரிலயும் ஆக்களின்ர பேரை ரெண்டு பக்கத்திலயும் ரெண்டு விதமாப் பதிஞ்ச இதே பிழைதானாம். கராஜில மெஷினுக்கு ரெண்டும் ஒராள்தான் எண்டு ஒரு வரி எழுதினாள், பிரிண்டர் கடகடவெண்டு அடிச்சுது! முதல் பேப்பரை நான் கேட்டு வாங்கிச் சாமிப்படத்துக்கு முன்னால வைச்சனான். எனக்கு வாசிக்கத் தெரியாது, எண்டாலும் அவள்ர பேர் எல்லோ.

வெள்ளிக்கிழமை கந்தோர்ப் பெரியவர் தானே ரெண்டு பக்கத்தாலயும் அடிச்சுப் பாத்திட்டு, "இனி நீர் எங்கட ஆள்" எண்டு கை குடுத்தவராம். அண்டைக்கு அவள் சிரிச்ச சிரிப்பு...

பொறும், குசினியில பருப்பு அடிப்பிடிக்குது! அவள் வேலையால பசியோட வரப்போறாள், நான் போயிட்டு வாறன்.