பார்க்கிங்கில் பார்த்த தமிழ்நாடு

வாடகைக் கார் ஓட்டுகிறவனுக்கு ஊர் உலகமெல்லாம் அத்துப்படி என்று சொல்கிறார்களே, அதைவிடப் பெரிய பொய் கிடையாது. நமக்குத் தெரிந்ததெல்லாம் ரோடும் பார்க்கிங்கும்தான். எந்தக் கோவில் வாசலில் மதியத்துக்கு மேல் நிழல் எந்தப் பக்கம் சாயும், எந்தக் கடை டீயை வாயில் வைக்கலாம், எந்த மரத்தடியில் நிறுத்தினால் குரங்கு வைப்பரைப் பிடுங்கும், இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்டால் திருதிருவென்று முழிப்பேன். ஸ்டியரிங் பிடித்த அண்ணன் தம்பிகளே, நம்ம பாடு நமக்குத்தானே தெரியும்.

நான் வண்டி போடுவது உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டு ஓரம். என் வீட்டுக்காரி செல்வி பெருநகர்க்காரி. கல்யாணமான நாளிலிருந்து நகை கேட்டதில்லை, பட்டு கேட்டதில்லை. கேட்டது ஒன்றே ஒன்று, வேடந்தாங்கல். அதுவும் என்னோடு சேர்ந்து போய்ப் பார்க்க வேண்டும். எங்களூரிலிருந்து ஒரு குட்டித் தூக்கம் போட்டு எழுந்திருப்பதற்குள் வந்துவிடும். கார்த்திகை மழையோடு வரும் பறவைகள் பங்குனி வெயில் ஏறினால் கிளம்பிவிடும். வருஷா வருஷம் அதுகள் வந்து, கூடு கட்டி, குஞ்சு பொரித்து, குஞ்சுக்குப் பறக்கவும் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போகின்றன. எனக்குத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிடைக்கவில்லை.

இந்தத் தை மாசம் அவள் குரலை உயர்த்தாமல் சொன்னாள். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. “பறவைங்க போறதுக்குள்ள இட்டுக்கினு போ. இல்லாங்காட்டி வுட்டுடு. அப்பால இந்த வூட்ல வேடந்தாங்கல் பேச்சே வேணாம்.”

நடை சாத்திய பெருமாள்

அடுத்த ஞாயிறு கிளம்புவதாக முடிவு. செல்வி விடியற்காலையிலேயே எழுந்து தக்காளி சோறு கிளறி டப்பாவில் கட்டிவிட்டாள். அந்த நேரம் பார்த்து போன் வந்தது. சென்னைக் குடும்பம், பழைய கஸ்டமர், வேறு வண்டி கிடைக்கவில்லையாம், ஒரே ஒரு நாள்தானாம். பழைய கஸ்டமரை விட்டால் அடுத்த தடவை வேறு எவனையோ கூப்பிடுவார் என்பது நம் தொழிலில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். செல்வி டப்பாவைப் பிரித்து எனக்கே பாதியைக் கட்டிக் கொடுத்தாள். திட்டியிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருக்கும்.

அந்த மனுஷன் போனில் ஒரு பட்டியல் வைத்திருந்தார். காஞ்சிபுரத்துக் கோவில்கள் அத்தனையும், திருப்புட்குழி, உத்திரமேரூர் கல்வெட்டு, மகாபலிபுரம், முடிந்தால் செஞ்சிக் கோட்டை. எல்லாம் ஒரே நாளில். மதியம் கோவில் நடை சாத்திவிடுவார்கள் சார் என்று படித்துப் படித்துச் சொன்னேன். அதெல்லாம் பார்த்துக்கலாம் என்றார். காஞ்சிபுரத்தில் சேலைக் கடையில் ஏறிய குடும்பம் இறங்கவே இல்லை. திருப்புட்குழி போய்ச் சேர்ந்தபோது உச்சி வெயில், பெருமாள் கோவில் கதவு இழுத்துச் சாத்தியிருந்தது. அவர் பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். “டிரைவர், நீங்க லோக்கல்தானே? ஒரு போனைப் போட்டு பெருமாளைக் கொஞ்சம் தொறக்கச் சொல்லுங்களேன்.”

ரெண்டு பேரும் ஜெயித்த சண்டை

மாசி பிறந்தது. இந்த முறை உஷாராக வியாழக்கிழமை வைத்துக்கொண்டோம், வார நாளில் எவனும் ஊர் சுற்றக் கூப்பிடமாட்டான் என்று. கூப்பிட்டார். ரிட்டையர்டு வாத்தியார். புள்ளலூர் போகணும், பல்லவர்களும் சாளுக்கியர்களும் மோதிய போர்க்களம், காலையில் போய் மதியத்துக்குள் திரும்பிவிடலாம் என்றார். சரி, மதியத்துக்கு மேல் கிளம்பினாலும் சாயங்காலம் பறவைகள் கூடு திரும்புவதைப் பார்க்கலாம் என்று செல்வியும் தலையாட்டினாள்.

புள்ளலூரில் என்ன இருக்கும்? நெல்லு இருக்கும். வாத்தியார் வரப்பில் நின்றுகொண்டு, இங்கே யானைப்படை, அங்கே குதிரைப்படை என்று கை நீட்டிக்கொண்டே போனார். எனக்குத் தெரிந்ததெல்லாம் மோட்டார் கொட்டாயும் நாலு கொக்கும்தான். அந்தக் கொக்கைப் பார்த்ததும் செல்வி ஞாபகம் வந்துவிட்டது. சார் கிளம்பலாமா என்று நான் கேட்கக் கேட்க, அவர் இன்னும் ஒரு வரப்பு தாண்டினார். மதியம் போய், வெயிலும் தாழ்ந்தது.

தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்த ஒரு பெரியவர் மண்வெட்டியைச் சாய்த்துவிட்டு வந்து, யாரு இன்னான்னு விசாரித்தார். வாத்தியாருக்கு ஆள் கிடைத்துவிட்டது. முழுப் போரையும் முதலிலிருந்து சொன்னார். பெரியவர் குறுக்கே பேசாமல் கேட்டார். யாரு சார் ஜெயிச்சது என்று மட்டும் கடைசியில் கேட்டார். அதுதான் வேடிக்கை, ரெண்டு தரப்புமே தாங்கள் ஜெயித்ததாகத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள் என்றார் வாத்தியார். பெரியவர் தன் கழனியை ஒரு சுற்று பார்த்தார். “ரெண்டு பேரும் ஜெயிச்சிட்டாங்கோ, சரி. கடசில நெலம் யாருக்கு சார் போச்சு?”

வாத்தியாரை வண்டியில் ஏற்றுவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. நான் வீட்டுக்குப் போனபோது செல்வி கட்டியிருந்த நல்ல சேலையை மாற்றிவிட்டு மடித்துக்கொண்டிருந்தாள்.

காருக்கு டூர்

பங்குனியில் ஒரு மகாபலிபுரம் சவாரி. ஒரு அம்மா, கூடவே படபடவென்று பேசும் அவர் பெண், மூன்றாவதோ நாலாவதோ படிக்கும். கடற்கரைக் கோவில் பக்கம் வண்டியை நிறுத்தியதும் அந்த அம்மா, உள்ளே போக நேரமாகுமா, வெயிலில் நடக்கிற அளவுக்குப் பார்க்க இருக்கிறதா என்று கேட்டார். நிழல் நல்லா இருக்கு மேடம், வண்டி சூடாகாது என்றேன். நான் கோவிலைக் கேட்டேன் என்றார்.

இங்கே எத்தனை தடவை வந்திருக்கீங்க என்று அந்தப் பொண்ணு கேட்டது. கணக்கே இல்ல பாப்பா என்றேன் பெருமையாக. அப்போ உள்ளே எப்படி இருக்கும் சொல்லுங்க என்றது. நான் காதைச் சொறிந்தேன். தஞ்சாவூர்? பார்க்கிங் பெரிசு. ஏற்காடு? வளைவு ஜாஸ்தி, பிரேக் பத்திரம். அது கேட்பதை நிறுத்திவிட்டு அம்மா கையை இழுத்தது. “அம்மா, இந்த அங்கிள் காருக்குத்தாம்மா டூர் காட்டறாரு.”

அந்த அம்மா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். ஆனால் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு மனசு ஒரு நிலையில் இல்லை. அன்றைக்கு ராத்திரி சாப்பிடும்போது செல்வி தானாகவே சொன்னாள், பெருநகரிலிருந்து அவள் தம்பி வந்தானாம், வேடந்தாங்கல் ஏரியில் தண்ணி வத்துது, பறவைங்க கெளம்ப ஆரம்பிச்சிடுச்சின்னு சொன்னானாம். சொல்லிவிட்டு எனக்குக் குழம்பு ஊற்றினாள். போகலாமா என்றுகூட அவள் கேட்கவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை.

கண்ணாடியைத் தட்டிய சவாரி

மறுநாள் காலையில் நானே என் போனை எடுத்து அவள் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். செல்வி நம்பவில்லை. வண்டி ஸ்டாண்டைத் தாண்டும் வரை நம்பவில்லை. கிளம்பும்போது நான் பழக்கதோஷத்தில் பின் கதவைத் திறந்துவிட, அவள் முறைத்துவிட்டு முன்னால் வந்து ஏறினாள். வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். அவள் இவ்வளவு பேசுவாள் என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

வேடந்தாங்கலில் எனக்குத் தெரிந்த புளிய மரம் ஒன்று உண்டு, மதியம்வரை நல்ல நிழல். அதன் அடியில் நிறுத்தியதுமே செல்வி இறங்கி டிக்கெட் வாங்க முன்னால் போய்விட்டாள். அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வேன்? நம்மாட்கள்தான் இதை நம்புவீர்கள். “மெதுவா பாத்துட்டு வாங்க, நான் இங்கியே கீறேன்” என்று அவள் போன பிறகு வாய் தானாகச் சொன்னது. கை தானாக சீட்டைப் பின்னால் சாய்த்தது. கண்ணை மூடினேன். மூடினால் தூக்கம் வராமல் என்ன செய்யும்?

கண்ணாடியைத் தட்டும் சத்தம் கேட்டு விழித்தேன். செல்வி நின்றுகொண்டிருந்தாள், கையில் ரெண்டு டிக்கெட். நான் வண்டியைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே வருவேன் என்று வாசலிலேயே நின்றிருக்கிறாள். வெயிலில் முகம் சிவந்து, கண் கலங்கியிருந்தது. “நான் இன்னா கஸ்டமராய்யா? எறங்கு.”

இறங்கினேன். ஏரிக்கரை மேல் அவள் முன்னால், நான் பின்னால். பாதிப் பறவைகள் போய்விட்டிருந்தன. ஆனால் மீதி போதும் சாமி. தண்ணிக்குள் நிற்கிற மரமெல்லாம் இலையே தெரியாமல் வெள்ளை வெள்ளையாக நாரை. பெரிய பெரிய குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்துகின்றன, தாய்ப் பறவை மீனைக் கொண்டுவந்து அந்த வாய்க்குள் கொட்டுகிறது. இத்தனை வருஷமாக இந்தச் சத்தத்தைப் புளிய மரத்தடியில் கேட்டுக்கொண்டே தூங்கியிருக்கிறேன், பாவி. செல்வி ஒவ்வொன்றாகக் காட்டி இது இன்னா, அது இன்னா என்றாள். ஒன்றுக்கும் எனக்குப் பேர் தெரியவில்லை. கோபமெல்லாம் போய் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அப்போது பைக்குள் என் போன் அடித்தது. நான் கை நீட்டவில்லை, சத்தியமாக நீட்டவில்லை. அவளே எடுத்தாள். அந்தச் சென்னைக் கஸ்டமர்தான், உடனே வண்டி வேண்டுமாம், வேடந்தாங்கல் போகணுமாம், பறவை இன்னும் இருக்கிறதா என்று டிரைவரைக் கேட்டுச் சொல்லணுமாம். செல்வி என் தோளைப் பிடித்து நாரை நிற்கிற மரத்தின் பக்கம் திருப்பிவிட்டுப் பேசினாள். “பறவ கீது சார், நாளைக்கு வாங்க. இன்னிக்கி டிரைவர் பாத்துக்கினு கீறாரு.”

தமிழ்நாடு முழுக்கச் சுற்றியவன் என்று ஸ்டாண்டில் பேர் வாங்கிய நான் இதுவரை இறங்கிப் பார்த்தது ஒரே ஒரு ஏரிதான், அதுவும் பெண்டாட்டி கண்ணாடியைத் தட்டியதால்.