பசார் இல்லை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று வீட்டில் சொல்வார்கள். பள்ளிக்கூடத்தில் அதற்குக் கண்டிப்பு என்று பெயர். ஜார்ஜ்டவுனில் ஒரு தமிழ்ப்பள்ளி, எண்பதுகளின் தொடக்கம். மத்தியானப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு என் பொறுப்பு.

பள்ளி விடுமுறைக்கு முன்னால் தலைமையாசிரியர் ஒவ்வொரு பிள்ளையையும் கூப்பிட்டு ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேட்பார். தட்டுத் தடுமாறினால், படிப்பில் பின்தங்கியவர்களைப் போடும் கடைசி வகுப்புதான். அங்கே போன பிள்ளை திரும்பி வந்து நான் பார்த்ததில்லை. என் வகுப்பில் ஒருத்தியைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அவள் அம்மா பசாரில் கீரை விற்பவர்; மலாய் கலந்த எங்கள் ஊர்ப் பேச்சில் சந்தைக்குப் பசார் என்றுதான் பெயர். காலையெல்லாம் கீரைக் கட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்துவிட்டு, மத்தியானம் நகத்தில் மண்ணோடு வருவாள். வாய் ஓயாது. புத்தகத்தைத் திறந்தால் மட்டும் எழுத்துக்கு எழுத்து நின்றுவிடுவாள்.

ஒருநாள் பாடத்தில் "அம்மா சந்தைக்குப் போனாள்" என்று ஒரு வரி. மேலே கூடை, காய்கறி, கூட்டம் என்று படம். படத்தைப் பார்த்தவள், "அம்மா பசாருக்குப் போனாங்க" என்று நிற்காமல் படித்தாள். வகுப்பே சிரித்தது. எனக்கு வந்ததே ஆத்திரம். தலைமையாசிரியர் கூப்பிடப் பத்து நாள்கூட இல்லை, இவள் படம் பார்த்துக் கதை சொல்கிறாளே. ரூலரால் மேசையைத் தட்டினேன்.

"பசார் இல்ல. எழுத்தைப் பாரு. சந்தை."

மறுநாளும் பசார் என்றாள். மறுபடியும் தட்டினேன். மூன்றாம் நாள் சரியாகச் சொன்னாள். அதற்குப்பிறகு தினமும் இடைவேளையில் அவளை மேசையருகே நிறுத்திக்கொண்டேன். சொல்லுக்குச் சொல் விரலை நகர்த்தி, நான் ஒரு வரி, அவள் ஒரு வரி, பிறகு இருவரும் சேர்ந்து. திணறல் குறைந்தது. பேச்சும் குறைந்தது. பிள்ளை படிப்பில் அடங்கிவிட்டாள் என்று சந்தோஷப்பட்டேன், மடச்சி.

தலைமையாசிரியர் முன்னால் அதே பக்கத்தைக் கடகடவென்று படித்து முடித்தாள். இவள் உங்கள் வகுப்பிலேயே இருக்கட்டும் என்றார் அவர். எனக்குத் தலைகால் புரியவில்லை. வெளியே வந்ததும் அவளை அணைத்துக்கொண்டு, சந்தையில் என்னவெல்லாம் விற்பார்கள், சொல்லு பார்ப்போம் என்று கேட்டேன். தெரியாது என்றாள். விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தேன். தினமும் அம்மாவோடு போய் உட்காருகிறாயே, அந்த இடம்தானே என்றேன்.

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் குறும்பே இல்லை.

"அது பசார், டீச்சர். சந்தை வேற. நீங்கதானே பசார் இல்லன்னு சொன்னீங்க."