வற்றிய ஓடையில் ஒரு சனிக்கிழமை

பாம்பு என்பதே இல்லாத நாட்டில் ஐம்பது வயது கடந்து வாழ்ந்துவிட்டு வந்தவள் ரேவின். நியூசிலாந்தில், நெல்சன் ஊர்ப்பக்கத்துக் காடுகளில் வெறுங்காலோடு சுற்றி வளர்ந்தவள். பிள்ளைகள் இருவரும் தலையெடுத்துப் போன பிறகு, கணவன் நெவிலுக்கு ஆஸ்திரேலியாவின் வடக்குக் குவீன்ஸ்லாந்தில் ஒரு சர்க்கரை ஆலையில் ஃபிட்டர் வேலை கிடைத்தது. டல்லி என்ற ஊரில் கரும்புக் காட்டை ஒட்டி ஒரு மரவீட்டை வாடகைக்குப் பிடித்தார்கள். ரேவின் அங்கிருந்த முதியோர் இல்லத்தின் சமையலறையில் சேர்ந்தாள்.

குடிவந்த முதல் மாதமே துணி துவைக்கும் மிஷினுக்குப் பின்னால் மலைப்பாம்பு ஒன்று சுருண்டு கிடந்தது. வீட்டு உரிமையாளருக்குப் போன் போட்டால், "அது ஒண்ணும் பண்ணாதும்மா. எலித்தொல்லை இருக்காது, விட்டுடுங்க" என்றார். நெவில் மண்டியிட்டு அதைப் படம் பிடித்துக்கொண்டிருந்தான். பாம்பு தானாகக் கிளம்பிப் போகும்வரை ரேவின் குளியலறைத் தொட்டியில் கையால் துணி துவைத்தாள்.

நெவிலுக்கு அந்த ஊர் தலைக்கேறிவிட்டது. சனிக்கிழமை விடிந்தால் போதும், காரில் தண்ணீர் கேனும் மடக்கு நாற்காலியும் ஏறிவிடும். "வீட்டுக்குள்ளயே அடைஞ்சு கிடந்தா பயம் எப்படிப் போகும் ரே? வா, பார்த்துப் பழகு" என்பான். அவளும் போனாள். அருவிக்குப் போனார்கள், தீவுக்குப் போனார்கள். சில இடங்கள் அவளுக்குப் பிடிக்கவும் செய்தன. ஆனால் நெவில் எதைக் கண்டாலும் இன்னும் நாலடி கிட்டப் போகிறவன். அவள் வேண்டாம் என்றால் சிரிப்பான்.

மிஷன் பீச் பக்கம் ஒரு காட்டுப்பாதையில் காசோவரி ஒன்று எதிரே வந்தது. ஆள் உயரப் பறவை. நீலக் கழுத்து, தலையில் கொம்பு போல ஒரு கொண்டை, காலில் கத்தி மாதிரி நகம். அதன் பின்னால் மூன்று குஞ்சுகள். நெவில் படம் எடுக்க இரண்டடி முன்னால் போனதும் அது சீறிக்கொண்டு பாய்ந்தது. அவன் துள்ளி ஒரு மரத்துக்குப் பின்னால் போய்விட்டான். நடுப்பாதையில் நின்றது ரேவின்தான். கையிலிருந்த மடக்கு நாற்காலியை மார்புக்கு முன்னால் கேடயமாகப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டாமல், ஓடாமல், பின்னோக்கி நடந்தாள். பறவை இருமுறை நாற்காலியை உதைத்துவிட்டுக் குஞ்சுகளோடு புதருக்குள் போனது.

அடுத்த வாரம் முழுக்க நெவில் ஆலையில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தான். "எங்க வீட்டம்மா காசோவரிக்கு நாற்காலி போட்டு உட்காரச் சொன்னா." ரேவின் சிரிக்கவில்லை. சமையலறையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் பாதியில் கத்தியைக் கீழே வைத்துவிட்டாள். அன்று நெல்சனில் இருக்கும் தங்கை ஜாஸ்லினைக் கூப்பிட்டுப் பேசினாள். செப்டம்பருக்கு விமான டிக்கெட் போட்டாள். போவதற்கு மட்டும். நெவிலிடம் சொல்லவில்லை.

ஆகஸ்டில் நெவில் ஒரு பழைய அலுமினியப் படகு வாங்கி வந்தான். நண்டு பிடிக்க வேண்டுமாம்.

"ஒரே ஒரு தடவை வா. பிடிக்கலைன்னா இனிமே கூப்பிடவே மாட்டேன்" என்றான். போகப்போகிறவள்தானே, இந்த ஒரு முறை அவன் மனம் கோணாமல் இருக்கட்டும் என்று ரேவின் ஏறினாள்.

அலையாத்திக் காட்டுக்குள் வளைந்து வளைந்து போகும் ஓடை அது. கடல் ஏறும்போது நிறையும், இறங்கும்போது வற்றும். கூண்டுகளைப் போட்டு எடுத்ததில் இரண்டு நல்ல நண்டுகள் கிடைத்தன. ரேவின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேர்களின் அடியில் ஈரச் சேறு கொஞ்சம் கொஞ்சமாக வெளியே தெரியத் தொடங்கியிருந்தது.

"தண்ணி இறங்குது நெவ். திரும்பிடலாம்."

"இன்னும் ஒரு கூண்டுதான். அந்த வளைவுக்கு அந்தப் பக்கம்."

வளைவைத் தாண்டியதும் மோட்டார் சேற்றைக் கிளறி இருமி நின்றது. துடுப்பைப் போட்டுத் தள்ளினான். துடுப்பு முழங்கை ஆழத்துக்குச் சேற்றில் இறங்கியதே தவிரப் படகு அசையவில்லை. சற்று நேரத்தில் தண்ணீர் ஓடையின் நடுவில் ஒரு வாய்க்கால் அளவுக்குச் சுருங்கியது. படகு அதன் ஓரத்துச் சேற்றுத்திட்டில் தரைதட்டி, தண்ணீர்ப் பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்தது. போனில் சிக்னல் இல்லை. எந்த ஓடைக்குப் போகிறோம் என்று நெவில் யாரிடமும் சொல்லிவிட்டு வரவும் இல்லை.

"நான் இறங்கித் தள்ளறேன்" என்று ஒரு காலைத் தூக்கி விளிம்புக்கு வெளியே போட்டான்.

ரேவின் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்தாள். "காலை உள்ளே எடு. அங்கே பாரு."

எதிர்க்கரையில், மேலிருந்து தண்ணீர்வரை சேற்றில் ஓர் அகலமான வழுக்குத் தடம். இரண்டு ஓரத்திலும் கால் பதிந்த குழிகள். குழிகளில் இன்னும் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. முதலை ஒன்று இப்போதுதான் இறங்கியிருக்கிறது.

நெவில் காலை உள்ளே எடுத்துக்கொண்டான்.

இனி கடல் திரும்ப ஏறும்வரை காத்திருக்க வேண்டியதுதான். மேட்டுப் பக்க விளிம்பை ஒட்டி இருவரும் உட்கார்ந்தார்கள். ஃப்ளாஸ்க்கில் டீ இருந்தது, யாருக்கும் இறங்கவில்லை. நெவிலுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. ரேவின் கரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், கடைசிக் கூண்டில் மீன்தலைகளை அடைத்து வாய்க்காலில் எறிந்துவிட்டான். அதன் மிதவை காலையிலேயே அறுந்து போயிருந்தது. கயிற்றின் மறுமுனையைப் படகின் பின்புற வளையத்தில் முடிந்தான்.

"என்ன பண்றே நீ?"

"உட்கார்ந்திருக்கற நேரத்துக்கு ஒரு நண்டாவது விழட்டுமே."

"நெவ், நாத்தம் பிடிச்ச மீனைத் தண்ணியில போட்டு, அதை நம்ம படகுலயே கட்டி வச்சிருக்கே. இழுத்து எடு அதை."

"எல்லாத்துக்கும் இப்படிப் பயந்தா எப்படி ரே? இங்க இருக்கறவங்க எல்லாம் பிழைக்கலையா?"

அவளுக்குள் ஏதோ அறுந்தது. "நான் போறேன்" என்றாள். "செப்டம்பர்ல. ஜாஸ்லின்கிட்ட. டிக்கெட் போட்டாச்சு."

நெவில் அவளைப் பார்த்தான். "எத்தனை நாளைக்கு?"

"திரும்பி வர டிக்கெட் போடல."

அவன் வாயைத் திறந்தான். அப்போது கயிறு இழுபட்டது.

முதலில் லேசாக ஓர் ஆட்டம். நண்டு என்றுகூட நினைக்கலாம். அடுத்த நொடி கயிறு விறைத்து நின்றது, அலுமினியம் முனகியது. வாய்க்காலின் பழுப்புத் தண்ணீர் ஓரிடத்தில் குமுறி எழுந்தது. முதலில் முதுகின் முள்வரிசை தெரிந்தது, பிறகு தலை. வாயில் கூண்டு. படகின் நீளத்துக்குக் குறையாத முதலை. தலையை அது ஒரு பக்கமாகச் சுழற்றியதும், படகு வழவழப்பான சேற்றின் மேல் தண்ணீரை நோக்கிச் சறுக்கியது. நண்டு வாளி கவிழ்ந்தது. ரேவினின் கால்கள் தாழ்ந்த பக்கத்துக்குச் சரிந்தன.

"கயித்தை அவுத்துவிடு, நெவ்."

நெவில் அசையவில்லை. மேட்டு விளிம்பை இரு கையாலும் கட்டிப் பிடித்திருந்தான். முகம் சாம்பல் பூத்திருந்தது. கண் முதலையின் மேலேயே நின்றது.

முடிச்சை இனி யாராலும் அவிழ்க்க முடியாது. அவ்வளவு இறுகிவிட்டது. மீன் வெட்டும் கத்தி பின்பக்கம், தாழ்ந்த விளிம்பின் அடியில் கிடந்தது. ரேவின் வயிற்றைத் தரையில் அழுத்தி, தவழ்ந்து போனாள். படகு மறுபடி ஒரு முழம் சறுக்கியது. பின்முனை தண்ணீரைத் தொட்டது. விளிம்புக்கு மேல் தண்ணீர் வழிந்து அவள் முழங்கையை நனைத்தது. முதலை மூச்சு விடும் சத்தம், டயரிலிருந்து காற்று இறங்குவது போல, அவள் காதில் விழுந்தது. கத்தி கைக்கு வந்தது. கயிற்றில் வைத்து அறுத்தாள். நைலான் கயிறு, முதலில் வழுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு திரும்பவும் வைத்து, உடம்பின் பாரத்தையெல்லாம் போட்டு இழுத்தாள்.

கயிறு படீரென்று அறுந்தது. படகு குலுங்கி நின்றது. முதலை கூண்டோடு மூழ்கியது.

அதன் பிறகுதான் உண்மையான பயம். கண்ணுக்குத் தெரிந்தவரை அது எங்கே இருக்கிறது என்றாவது தெரிந்தது. இப்போது தண்ணீர் கண்ணாடி போலக் கிடந்தது. ரேவின் தவழ்ந்து மேலே வந்து நெவிலின் பக்கத்தில் உட்கார்ந்தாள். மிச்சமிருந்த இரை வாளியின் மூடியை அழுத்தி மூடினாள். அவன் ஏதோ சொல்ல வந்தான். "பேசாதே" என்றாள். "ஆடாதே. நீ இந்தப் பக்கம் பாரு, நான் அந்தப் பக்கம் பார்க்கிறேன்."

பாதி மதியம் அப்படியே போனது. வாய்க்கால் மெல்ல அகன்றது. தண்ணீர் படகின் அடியில் நுழைந்தபோது அது தன் நினைவு வந்தது போல ஆடியது. இதற்காகத்தான் காத்திருந்தார்கள், இதற்குத்தான் பயந்தும் கிடந்தார்கள். தண்ணீர் ஏறினால் முதலையும் படகுக்கு அடியில் வரலாம். நெவில் மோட்டாரை இறக்கிக் கயிற்றை இழுத்தான். இருமல்தான் வந்தது. இன்னொரு முறையும் இருமல்.

"மெதுவா. அவசரப்படாம இழு" என்றாள் ரேவின். அடுத்த இழுப்பில் மோட்டார் பிடித்துக்கொண்டது.

படகுத்துறையில் சால்வோ நின்றிருந்தார். இத்தாலியக் குடும்பத்துக் கரும்பு விவசாயி, பக்கத்து வீட்டுக்காரர். ட்ரெய்லரில் படகை ஏற்ற யாராவது முழங்கால் தண்ணீரில் இறங்க வேண்டும். நெவில் இறங்காமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, "என்னய்யா கிவி, தண்ணி சுடுதா?" என்றார். நியூசிலாந்துக்காரர்களுக்கு அங்கே அதுதான் பெயர். பிறகு ரேவினின் கையில் கத்தி இன்னும் இருப்பதையும், பின்புற வளையத்தில் அறுந்த கயிறு தொங்குவதையும் பார்த்தார். அதற்கு மேல் கேலி செய்யவில்லை. ட்ரெய்லரைத் தண்ணீருக்குள் நன்றாக இறக்கி, படகு நேராக அதன்மேல் ஏறும்படி நிறுத்தினார். "உட்கார்ந்தே இரும்மா, நான் பார்த்துக்கறேன்" என்றார்.

காரை ரேவின்தான் ஓட்டினாள். கரும்பு ரயில் கடக்கும் இடத்தில் நிற்க வேண்டியிருந்தது. பெட்டிகள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருந்தன.

"எனக்குக் கை வரல ரே" என்றான் நெவில். "நீ தவழ்ந்து போறதைப் பார்த்துக்கிட்டே இருந்தேன். கை வரவே இல்ல."

"தெரியும்."

"சிரிச்சிருக்கக் கூடாது. அந்தப் பறவை விஷயத்துல."

"பறவை மட்டும் இல்ல நெவ். நான் வேண்டாம்னு சொல்றது உன் காதுல விழவே இல்ல. முதலைக்குப் பயந்து நான் போகல. நீ கேக்காததாலதான் போறேன்."

ரயில் போய் முடிந்த பிறகும் அவள் வண்டியை எடுக்கவில்லை. பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள்.

செப்டம்பரில் ரேவின் போகத்தான் செய்தாள். நெவில் அவளைத் தடுக்கவில்லை. படகைச் சால்வோவுக்கு விற்றுவிட்டு, ஆலை சீசனில் தனியாகச் சமைத்துச் சாப்பிட்டான். தினமும் கூப்பிட்டான், அவளைப் பேச விட்டுக் கேட்டுக்கொண்டிருந்தான். நெல்சனில் வசந்தகாலம். தங்கை வீட்டில் சாப்பாடு நன்றாக இருந்தது. ஆனால் ஜாஸ்லினின் கணவர் தினமும் அதே நாற்காலியில் உட்கார்ந்து அதே செய்தியைப் பார்ப்பதைப் பார்க்கையில், ரேவினுக்கு ஒரு வாரத்திலேயே மூச்சு முட்டியது. அவளுக்கே அது ஆச்சரியமாக இருந்தது. நவம்பரில் திரும்பி வந்தாள். விமான நிலையத்திலேயே நெவிலிடம் சொன்னாள்: "இனிமே எங்க போறதுன்னு நான் சொல்றேன். வேண்டாம்னு சொன்னா வேண்டாம்."

"சரி" என்றான்.

வந்த வார சனிக்கிழமை மலைமேல் மேட்டுநிலத்துக்குப் போனார்கள். ஓர் ஓடைப் பாலத்தின் மேல் சாயங்காலம் நின்றார்கள். பிளாட்டிபஸ் என்ற நீர்விலங்கு வரும் என்று முதியோர் இல்லத்தில் ஒரு பாட்டியம்மா சொல்லியிருந்தார். நெவில் கேமராவை எடுத்தான். கீழே கரைக்கு இறங்கினால் நல்ல படம் கிடைக்கும். அவன் கண் படிகளைத் தேடுவதை ரேவின் கவனித்தாள்.

"வேண்டாம் நெவ். புல்லு உயரமா இருக்கு."

ஒரு கணம் அவன் உடம்பு முன்னால் சாய்ந்து நின்றது. ரேவின் பாலத்தின் கம்பியை இறுகப் பிடித்தாள். பிறகு அவன் கேமராவைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு, அவள் பக்கத்தில் கம்பியில் முழங்கையை ஊன்றினான்.

தண்ணீரில் குமிழிகள் கோடாக வந்தன. வாத்து அலகோடு ஒரு சின்ன பழுப்பு உடம்பு மேலே வந்து, எதையோ மென்றுவிட்டு, மறுபடி மூழ்கியது. ரேவின் விரலை மட்டும் நீட்டிக் காட்டினாள். இருட்டும்வரை நின்று பார்த்தார்கள்.