ஜோடிக்காரியின் கையில் என் கழுத்து

கழுத்து பிடித்துக்கொண்டது ஒரு செவ்வாய்க்கிழமை விடியற்காலையில். சித்திரை மாதம். பாயை விட்டு எழுந்து தண்ணீர்ப் பானை பக்கம் திரும்பினேன். உடம்பு திரும்பியது, தலை திரும்பவில்லை. வலது காதுக்குக் கீழே யாரோ ஆணி அடித்து வைத்த மாதிரி இருந்தது. பானையைப் பார்க்க வேண்டுமென்றால் காலை மாற்றி வைத்து முழு ஆளாகத் திரும்ப வேண்டியிருந்தது.

இது எழுபதுகளின் நடுவில் நடந்தது. எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது இருக்கும். மரக்காணம் உப்பளத்தில் சுமை தூக்கிக்கொண்டிருந்தேன். ஆண்கள் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை இழுத்து வரப்போரம் சேர்ப்பார்கள். அதைக் கூடையில் வாரித் தலையில் சுமந்து கால்வாய்க் கரையில் அம்பாரமாகக் கொட்டுவது எங்கள் வேலை. ஈர உப்பு நல்ல கனம். ஒருத்தியே தூக்கித் தன் தலையில் வைத்துக்கொள்ள முடியாது. அதனால் பெண்களை இரண்டிரண்டு பேராக ஜோடி போட்டிருப்பார் மேஸ்திரி. நான் அவளுக்கு ஏற்றிவிடுவேன், அவள் எனக்கு ஏற்றிவிடுவாள். ஜோடி இல்லாதவளுக்கு வேலை இல்லை.

உடம்பு சரியில்லை என்று நின்றுவிட்டால் மேஸ்திரி ஏழு நாள் பார்ப்பார். அதுவரை வேறு யாராவது அந்த இடத்தில் நிற்கலாம், ஆனால் இடம் பழைய ஆளுடையது. எட்டாம் நாள் காலையில் எவள் நிற்கிறாளோ அவளுக்குத்தான் அந்த வருஷம் முழுக்க இடம். எங்கும் எழுதி வைத்ததில்லை. ஆனால் எல்லோருக்கும் தெரியும். வெயில் காலத்தில் இடம் போனால் மழைக் காலத்துக்கு வீட்டில் ஒன்றும் இருக்காது. என் வீட்டுக்காரர் வானூர்ப் பக்கம் கல் உடைக்கப் போவார், சனிக்கிழமைதான் வருவார். அவர் கூலி அவர் சாப்பாட்டுக்கும் பீடிக்கும் போக மிஞ்சுவது கொஞ்சம்தான்.

என் ஜோடி எங்கள் தெருவிலேயே நாலு வீடு தள்ளி இருந்தாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அளத்தில் யாருக்குச் சுளுக்கு பிடித்தாலும் அவளிடம்தான் போவார்கள். இரட்டைப் பிள்ளை பெற்றவள் கை வைத்தால் சுளுக்கு ஓடிவிடும் என்று எங்கள் பக்கம் ஒரு நம்பிக்கை. அவளுக்கு இரட்டைப் பையன்கள். அதைச் சொன்னால் அவளே சிரிப்பாள்.

“ரெண்டு புள்ளைக்கும் துணி தோச்சுத் தோச்சுக் கையி கட்டையா ஆயிடுச்சு. அதுல சுளுக்கு பயந்துகினு ஓடுது. வேற ஒண்ணும் இல்லடி.”

அன்று வேலை முடிந்து சாயங்காலம் கிண்ணத்தில் எண்ணெயோடு வந்தாள். நல்லெண்ணெயில் ஓமமும் பூண்டும் போட்டுக் காய்ச்சியது. என்னைச் சுவர்ப் பக்கம் முகம் வைத்து உட்கார வைத்தாள். முதலில் வறுத்த உப்பைத் துணியில் முடிந்து ஒத்தடம் கொடுத்தாள். பிறகு காதுக்குப் பின்னாலிருந்து தோள்பட்டை வரை கட்டைவிரலால் வழித்துக்கொண்டே வந்தாள். உப்பு தின்ற கை. உள்ளங்கை வெடிப்புகள் தேங்காய் நார் போல அறுத்தன. ஒரு இடத்தில் விரல் நின்றது. அங்கே அழுத்தினாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

“இங்கதான் முடிச்சு. நீ தலைய ஒரு பக்கமாத் திருப்பிகினே நடக்குற. கூடை நேரா இருக்குது, நீ கோணலா இருக்குற. ஏன் அப்பிடி நடக்குற?”

வலது பக்கப் பாத்திகளில் ஆண்கள் நிற்பார்கள். நான் கூடையோடு வரப்பில் வரும்போது அவர்கள் வேலையை நிறுத்தி வழிவிடுவார்கள். அவர்கள் கண்ணில் படாமல் இருக்க முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொண்டே நடப்பேன். கூலி வாங்கும்போதுகூட மேஸ்திரி முகத்தைப் பார்த்ததில்லை. இதை எப்படி ஒருத்தியிடம் சொல்வது?

“தெரியலக்கா” என்றேன்.

“தெரியலையா? ஆம்பளைங்க நிக்கிற பக்கம்னு எனக்குத் தெரியுது, உனக்குத் தெரியலையா?” என்று சிரித்தாள். பிறகு கையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். “அடுத்த புதன்கிழமை வரைக்கும் தலையில ஒண்ணும் ஏத்தக் கூடாது. எடத்தப் பத்திக் கவலப்படாத. என் தங்கச்சிய நிக்க வெச்சிக்கிறேன். உனக்காகத்தான்.”

அவள் போன பிறகு விரல் விட்டு எண்ணினேன். செவ்வாய் ஒன்று, புதன் இரண்டு. திங்கள் ஏழு. அடுத்த செவ்வாய் எட்டு. அவள் என்னைப் புதன்கிழமை வரச் சொல்லியிருந்தாள்.

அந்தத் தங்கை பிரசவத்துக்கு அக்கா வீட்டுக்கு வந்தவள். குழந்தைக்கு ஒரு வயது ஆகிவிட்டது, புருஷன் அழைத்துப் போக வரவே இல்லை. அக்கா அவளுக்கு ஒரு வேலை தேடிக்கொண்டிருந்தது தெருவுக்கே தெரியும். நான் அவளோடு ஒன்றிரண்டு தடவைதான் பேசியிருக்கிறேன். அவளும் என்னைப் போலவே பேசாத பெண்.

மறுநாளும் அதற்கடுத்த நாளும் அக்கா வந்தாள். ஒரு நாளும் தவறவில்லை. ஒத்தடம், எண்ணெய், கட்டைவிரல். வலி குறைந்துகொண்டே வந்தது. வலி குறையக் குறைய எனக்குச் சந்தேகம் ஏறியது. அவள் பின்னால் உட்கார்ந்து கழுத்தைப் பிடிக்கிறாள், எனக்கு அவள் முகம் தெரியாது. சுவரை மட்டும் பார்த்துக்கொண்டு நான் யோசிப்பேன். சரியாகும்படி பிடிக்கிறாளா, சரியாகாதபடி பிடிக்கிறாளா? அந்த முடிச்சை அவிழ்க்கிறாளா, இன்னும் கொஞ்சம் இறுக்கிவிட்டுப் போகிறாளா? கழுத்தைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு அது எப்படித் தெரியும்?

சனிக்கிழமை வீட்டுக்காரர் வந்தார். அவரிடம் மெதுவாகச் சொன்னேன்.

“அவ எதுக்குடி உனக்குக் கெடுதல் பண்ணப் போறா? காசு கூட வாங்கல” என்றார்.

“அதாங்க. காசு ஏன் வாங்கல?”

“தே, உனக்குக் கழுத்துல சுளுக்கா, மண்டையில சுளுக்கா? தலகாணிய எடுத்து வெயில்ல போடு, சரியாப் பூடும்.”

போட்டேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் தலையணை கூரைமேல் கிடந்தது. அப்போது எங்கள் அளத்தில் வேலை பார்க்கும் இன்னொரு பெண் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் நின்றாள்.

“இன்னாடி, ஆம்பளைங்களப் பாத்தா உனுக்குக் கழுத்து தானாத் திரும்பிக்குதாமே? மேஸ்திரி கூட இடது பக்கம் வந்து நிக்கட்டுமான்னு கேட்டாராம்!”

அவள் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். எனக்குக் காது சுட்டது. அக்கா அளம் முழுக்கச் சொல்லியிருக்கிறாள். நான் சொல்லாததைத் தானே கண்டுபிடித்து, அதைக் கொண்டுபோய் எல்லோர் முன்னாலும் கொட்டியிருக்கிறாள். இதைச் செய்தவள் வேறு எதைத்தான் செய்ய மாட்டாள் என்று நினைத்தேன். நான் கேலிக்குப் பயந்து அந்தப் பக்கமே வரமாட்டேன் என்று கணக்குப் போட்டாளோ என்றுகூடத் தோன்றியது.

அன்று சாயங்காலம் அவள் வந்தபோது ஒரு காரியம் செய்தேன். அதுவரை நான் யாரையும் சோதித்துப் பார்த்ததில்லை.

“இன்னும் எங்க வலிக்குது?” என்று கேட்டாள்.

இடது தோள்பட்டைக்கு மேலே கை வைத்துக் காட்டினேன். அங்கே ஒரு வலியும் இல்லை. “இங்கதான்க்கா. ராத்திரியெல்லாம் தூங்கல.”

விரலை வைத்தாள். இரண்டு தடவை அழுத்தினாள். பிறகு கையை எடுத்தாள்.

“இங்க ஒண்ணுமே இல்ல. பொய் சொல்ற.”

அவள் மறுபடி வலது பக்கம் போனாள், பழைய இடத்தில் மெதுவாக வழித்தாள். அங்கேயும் வலி இல்லை என்பது எனக்குத் தெரியும். விரல் வைத்ததுமே பொய் எது, மெய் எது என்று தெரிகிற கைக்கு அது தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் அவள் கிளம்பும்போது, “புதன்கிழமை வா. அதுக்கு முன்ன வராத” என்றுதான் சொன்னாள்.

அந்த ஒரு சொல்லில்தான் நான் முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை, ஏழாம் நாள். கிழக்கே வெளுப்பதற்குள் கூடையும் சும்மாட்டுத் துணியும் எடுத்துக்கொண்டு அளத்துக்குப் போனேன். ஜோடி ஜோடியாகப் பெண்கள் நின்றிருந்தார்கள். அக்கா பக்கத்தில் அவள் தங்கை துணியைச் சுருட்டித் தலையில் வைத்துக்கொண்டு தயாராக இருந்தாள். என்னைப் பார்த்ததும் அந்தத் துணியைத் தலையிலிருந்து எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டாள். அக்கா அசையவில்லை.

மேஸ்திரி வந்தார். “இன்னாம்மா, கழுத்து நேராயிடுச்சா? நட்ட நடு வரப்புல சுமையோட விழுந்தீன்னா நான்தான் பதில் சொல்லணும்.”

“நல்லாயிடுச்சுங்க” என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

“நீ சொல்லி என்னா ஆவப்போவுது? புடிச்சு வுட்டவ சொல்லட்டும்.” அக்கா பக்கம் திரும்பினார். “ஏம்மா, இவ தூக்கலாமா?”

நான் எதிலிருந்து தப்பி வந்தேனோ அதே இடத்தில் கொண்டுபோய் நிறுத்திவிட்டார். இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாளைக்கு எட்டாம் நாள். யாரும் அவளைக் கேள்வி கேட்க முடியாது.

அவள் என் பின்னால் வந்து நின்றாள். அத்தனை ஆண்களும் பலகையை ஊன்றிக்கொண்டு பார்த்தார்கள். முந்தானையை விலக்கி என் கழுத்தில் கட்டைவிரலை வைத்தாள். காதுக்குப் பின்னாலிருந்து தோள் வரை, அவசரமே இல்லாமல் வழித்தாள். முடிச்சு இருந்த இடத்தில் நிறுத்தினாள். அங்கே வெகுநேரம் விரல் இருந்தது. அவள் தங்கை தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“தூக்கலாம்” என்றாள் அக்கா.

மேஸ்திரி போய்விட்டார். தங்கை துணியை உதறி மடித்துக்கொண்டு வரப்போடு நடந்தாள். அவள் சாலை ஏறும் வரை அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கூடையை வாரி நிரப்பினாள். ஒரு பக்கம் அவள், ஒரு பக்கம் நான், தூக்கி என் தலையில் வைத்தோம். முகத்துக்கு முகம் அவ்வளவு பக்கத்தில் நின்றபோது சொன்னாள்.

“நான் சொன்ன எட்டு நாள்ல அஞ்சு நாள் உன் கழுத்துக்கு. மூணு நாள் என் தங்கச்சிக்கு. போதுமா?”

தலையில் சுமை இருந்தது. நடந்தேன். அன்று ஒவ்வொரு கூடையும் வழக்கத்தைவிடக் கனமாக இருந்த மாதிரி இருந்தது. ஆறு நாள் சும்மா இருந்த உடம்புக்கு அப்படித்தான் இருக்கும். அவள் ஒரு கை கூடுதலாக வாரிப் போட்டிருந்தாலும் அப்படித்தான் இருக்கும். கழுத்து வலிக்கவில்லை.

இனி அவள் என் வீட்டுக்கு வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். சாயங்காலம் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

“உக்காரு. ஆறு நாள் கழிச்சுத் தூக்கியிருக்க. இன்னைக்கு வுட்டா நாளைக்கு மறுபடி புடிச்சுக்கும்.”

“தங்கச்சி...?” என்று கேட்டேன்.

“வடக்கு அளத்துல கேட்டிருக்கேன். பாக்கலாம்னு சொல்லியிருக்காங்க.” பாக்கலாம் என்றால் என்ன என்று எங்கள் இருவருக்குமே தெரியும்.

சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பின்னால் அவள் கையில் எண்ணெய் ஊற்றித் தேய்க்கும் சத்தம் கேட்டது. இன்றைக்குத்தான் இவளுக்கு என்மேல் கோபப்பட நியாயம் இருக்கிறது, இன்றைக்குத்தான் நான் பயப்பட வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன். எழுந்து போகவும் முடியவில்லை. அவள் கட்டைவிரல் எல்லா நாளும் போலவே காதுக்குப் பின்னால் ஆரம்பித்தது. எங்கே மாறும், எங்கே மாறும் என்று ஒவ்வொரு விரற்கடைக்கும் காத்திருந்தேன்.

“தளர்த்தி வெச்சுக்கடி” என்றாள். “நீ இறுக்கிகினா எனக்குத்தான் வெரல் வலிக்குது.”