பாதத்தில் ஒரு கை

அந்த டாக்டரம்மாவின் முகம் எனக்குத் தெரியாது. முகக்கவசத்துக்கு மேலே தூக்கம் கெட்ட இரண்டு கண்கள், அவ்வளவுதான் பார்த்திருக்கிறேன். எந்தக் கட்டிலருகே நின்று பேசினாலும் ஒரு கையை நோயாளியின் பாதத்தில் வைத்துக்கொள்வார். சில்லிட்டிருக்கிறதா என்று பார்ப்பாராம்.

கொரோனாவில் என் கணவர் மூச்சுக்குத் திணறிய அன்று, டாக்டரம்மா அவர் பாதத்தைப் பிடித்தபடியே என்னிடம் பேசினார்.

"கிருமி கொறஞ்சிருச்சும்மா. இப்ப இவரோட எதிர்ப்புச் சக்தியே அளவுமீறி நுரையீரலத் தாக்குது. அத அடக்க ரெண்டு மருந்து இருக்கு. எது நல்லதுன்னு ஒப்பிட்டுப் பாத்துக்கிட்டிருக்கோம். யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர்தான் குலுக்கிப்போட்டுச் சொல்லும். சம்மதமா?"

"சாமி முன்னாடி செவ்வரளியும் வெள்ளரளியும் பொட்டலமாக் கட்டிப்போட்டு, ஒண்ண எடுத்து உத்தரவு கேப்பமே, அது மாதிரியா மேடம்?"

டாக்டரம்மா தலையசைத்தார். "அது மாதிரிதான். சாமிக்குத் தெரியும்னு நீங்க போடுறீங்க. எங்களுக்குத் தெரியலன்னு நாங்க போடுறோம்."

இம்புட்டுப் படித்தவருக்கே தெரியவில்லை என்றதும் பயம் கூடியது. கையெழுத்துப் போட்டேன். என் கணவருக்கு ஒரு மருந்து விழுந்தது. எதிர்க்கட்டில் கொட்டாம்பட்டிக்காரருக்கு மற்றது.

என் கணவர் கஞ்சி கேட்ட காலையில், எதிர்க்கட்டிலில் முகத்தையும் மூடிப் போர்த்தியிருந்தார்கள். டாக்டரம்மா அங்கே நின்றிருந்தார்.

"அவருக்கு விழுந்தது எங்களுக்கு விழுந்திருந்தா மேடம்?" என்றேன்.

"ஒருத்தர வச்சுச் சொல்ல முடியாதும்மா. இன்னும் தெரியல."

போர்வைக்கு வெளியே தெரிந்த பாதத்தில் அவர் கை இருந்தது. சில்லிட்டுப்போன பிறகு அதில் என்ன பார்த்துக்கொண்டிருந்தார் என்று எனக்கு இன்றும் புரியவில்லை.