விதையை வெளியே வைத்த பழம்

பூந்தமல்லியில் பூ மலராது. சொன்னால் சண்டைக்கு வருவார்கள்; ஊர்ப் பெயரிலேயே பூ இருக்கிறதே என்பார்கள். நான் இங்கே வாழ்க்கைப்பட்டு வந்து இரண்டு வருஷமாகிறது. இத்தனை தோட்டங்களுக்கு நடுவே மலர்ந்த மல்லிகை ஒன்றைச் செடியில் பார்த்ததில்லை. விடிவதற்கு முன்பே பெண்கள் எல்லாரும் இடுப்பில் மடி கட்டிக்கொண்டு தோட்டத்தில் இறங்கிவிடுவார்கள். மொட்டு மொட்டாகக் கிள்ளி, கூடையில் போட்டு, ஈரத்துணியால் மூடி, பட்டணம் போகும் முதல் வண்டியில் ஏற்றிவிடுவார்கள். மலர்வதெல்லாம் பட்டணத்தில், யாரோ ஓர் அம்மாளின் கொண்டையில்தான். செடியிலேயே பூ விரிந்து நின்றால் அந்த வீட்டுப் பெண்கள் சோம்பேறிகள் என்று அர்த்தம். நுவரெலியாவில் இதைப் படிக்கும் உங்களுக்குச் சிரிப்பு வரலாம். அங்கே துரைமார் பங்களாத் தோட்டத்தில் பூ வாடி உதிரும்வரை செடியில்தான் இருக்கும். பறித்தால்தான் அடி விழும். இந்த இரண்டு ஊர்ச் சட்டத்துக்கும் நடுவில் அகப்பட்டு என் மானம் போகப் பார்த்தது.

இங்கே எனக்குப் பெயர் கண்டியம்மா. கண்டியை நான் ரயில் ஜன்னல் வழியாக ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறேன். ஆனால் கடலுக்கு அந்தப்பக்கம் இருப்பது எல்லாம் இவர்களுக்குக் கண்டிதான். நான் எதைச் சொன்னாலும் அது கண்டிப் புளுகு. எங்கள் ஊரில் காலையில் புல்லின் மேல் வெள்ளையாக உறைபனி கிடக்கும் என்றேன், புளுகு. வாயைத் திறந்தால் புகை வரும் என்றேன், பெரிய புளுகு. மார்கழி மாதத்தில் இவர்கள் காதைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு, பல் கிட்டுவதாகப் பாவனை செய்வார்கள். நான் அந்தக் குளிரில் வியர்வையைத் துடைத்துக்கொண்டு அடுப்படியில் நிற்பேன். இதையெல்லாம்கூட மன்னித்துவிட்டார்கள். விதையை வெளியே வைத்துக்கொண்டு ஒரு பழம் இருக்கிறது, அதன் பெயர் ஸ்டிராபெரி என்று சொன்னதை மட்டும் மன்னிக்கவில்லை. "அப்ப தோலு உள்ள கீதா?" என்று கேட்டார் என் கணவர். இந்த ஊர்த் தர்ம ஆஸ்பத்திரியில் அவர் கம்பவுண்டர். நாலு எழுத்துப் படித்தவரே இப்படிக் கேட்டால் மற்றவர்களை என்ன சொல்ல?

இந்தப் பழத்தைப் பற்றி இந்த வீட்டில் முதலில் பேசியது நான் அல்ல, என் அப்பா. என் மாமியார் அப்பாவின் கூடப்பிறந்த அக்காதான். அப்பா இளம் வயதில் கப்பலேறி, நுவரெலியாவில் ஒரு துரையின் பங்களாவில் சமையற்காரராக அமர்ந்தார். அங்கிருந்து இருபது வருஷம் அத்தைக்குக் கடிதம் எழுதினார். பங்களா வாழ்க்கை, காலையில் ரொட்டி, மத்தியானம் ரோஸ்டு, பிள்ளைகளுக்குத் தினமும் ஸ்டிராபெரி. அத்தைக்குப் படிக்கத் தெரியாது. யாரையாவது பிடித்து வந்து உரக்கப் படிக்கச் சொல்வாராம், தெருவுக்கே கேட்கும்படி. தம்பி ராஜபோகத்தில் இருக்கிறான் என்று சொல்லிச் சொல்லியே பல வீட்டு விசேஷங்களில் அத்தைக்கு முன்வரிசை கிடைத்திருக்கிறது. நான் மருமகளாக வந்ததும் அதே கதையைத் தொடர்ந்து சொல்ல வேண்டியதாயிற்று. ஆமாம் அத்தை, வயிறு முட்டத் தின்போம், தின்று தின்று வெறுத்துப்போய்விடும் என்று நானும் அளந்தேன்.

உங்களுக்குத் தெரியாததா? உங்களிடம் அளக்க முடியுமா? பழம் பறிக்கப் பங்களா வேலைக்காரர்களின் பிள்ளைகளான எங்களைத்தான் இறக்குவார்கள். துரைசானி கெட்டிக்காரி. பறிக்கிற நேரம் முழுவதும் நாங்கள் ஞானப்பாட்டு உரக்கப் பாட வேண்டும். பாடுகிற வாய் மெல்ல முடியாது அல்லவா? பாட்டு அரை நிமிஷம் நின்றால் மாடி ஜன்னல் திறக்கும். விருந்துக்கு வந்த வெள்ளைக்காரர்கள் கேட்டுவிட்டு, இந்தப் பிள்ளைகளுக்கு எவ்வளவு பக்தி என்று கண் கலங்குவார்கள். அப்பா பழத்தைக் கழுவி, காம்பு நீக்கி, கண்ணாடிக் கிண்ணத்தில் அடுக்கி, கிரீம் ஊற்றி மேஜைக்கு அனுப்புவார். மிச்சமாக வந்ததைத் துரைசானி தன் கையாலேயே ஜாமுக்கு ஒதுக்கிவிடுவாள். பதினெட்டு வயதுவரை அந்தப் பழத்தின் வாசனையில் வளர்ந்தவள் நான். ஒரு பழம்கூட என் நாக்கில் பட்டதில்லை.

போன ஐப்பசியில் நுவரெலியாத் தேயிலைத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் ஊருக்கு வந்தார். அப்பா அவரிடம் ஒரு பிஸ்கட் டின்னைக் கொடுத்தனுப்பியிருந்தார். உள்ளே ஈரப்பாசியில் பொதிந்து ஆறு செடிகள். தலைமன்னார், தனுஷ்கோடி, மண்டபம் எல்லாம் தாண்டி வந்ததில் இரண்டு செத்துப்போயிருந்தன. கூடவே ஒரு துண்டுக் காகிதம்: "அக்கா கண்ணால் ஒரு தடவை பார்க்கட்டும்." கணக்கப்பிள்ளை போனதும் அத்தை தெருவில் இறங்கிவிட்டார். பொங்கல் கழிந்ததும் எல்லாரும் வாருங்கள், தம்பி அனுப்பிய பழத்தைப் பாருங்கள் என்று ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தார். பழம் வராவிட்டால் நான் மட்டும் அல்ல, அப்பாவின் இருபது வருஷக் கடிதமும் புளுகு என்று ஆகிவிடும்.

கொல்லையில் கிணற்றடிப் பக்கம் பாத்தி கட்டினேன். எருவும் மணலும் கலந்தேன். வெயில் ஏறினால் தென்னங்கீற்றுத் தடுப்பு, வெயில் இறங்கினால் அதை எடுப்பது, காலையும் மாலையும் தண்ணீர். என்னை யாரும் அப்படி வளர்த்ததில்லை. என் கணவர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததும், "இன்னா, நோயாளிங்க எப்டி கீறாங்க?" என்று விசாரிப்பார். நாலு செடியும் பிழைத்துக்கொண்டன. இலை விட்டது. மார்கழிக் கடைசியில் நடுவிலிருந்து மெல்லிய காம்புகள் கிளம்பின. சரி, பூக்கப் போகிறது என்று பூரித்துப்போனேன். பூக்கவில்லை. காம்பு கிளம்பும், இரண்டு நாளில் நுனி மொட்டையாக நிற்கும். புழு என்று சாம்பல் தூவினேன். எறும்பு என்று மஞ்சள் தூவினேன். கண்திருஷ்டி என்று அத்தை ஒரு பூசணிக்காயை உடைத்தார். ஒன்றுக்கும் மசியவில்லை.

எங்கள் வீட்டுக் கூடத்தில் மாதா படம் ஒன்று இருக்கிறது. வேறு வழியில்லாமல் தினமும் அதன் முன்னால் முழந்தாளிட்டு, தாயே, ஒரே ஒரு பூவைக் காட்டு என்று மன்றாடினேன். படத்துக்கு அத்தை தினமும் ஒரு சிறு சரம் சாத்தியிருப்பார். மரிக்கொழுந்துக்கு நடுவே நாலைந்து வெள்ளை மொட்டுகள் வைத்துக் கட்டிய சரம். ஏதோ இந்த ஊர்ப் பூ என்று நானும் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வேன்.

தை பிறந்து ஒரு வாரம் இருக்கும். பல்வலியில் தூக்கம் பிடிக்காமல் விடியற்காலையில் கொல்லைக்குப் போனேன். வேலிக்கு மேலாக வளையல் போட்ட ஒரு கை நீண்டு என் செடிகளை வருடிக்கொண்டிருந்தது. பக்கத்துத் தோட்டத்துப் பச்சையம்மாள். முப்பது வருஷமாக மல்லிகை கிள்ளுகிற கை. மார்கழி, தையில் மல்லிகை காய்ந்துவிடும். அவளுக்குக் கை சும்மா இருக்க முடியவில்லை.

"என்ன அக்கா செய்யிறீங்க?" என்று கத்தினேன்.

"இன்னாம்மா கூவறே? மொட்டு முத்திகினு கீது, நீ பாட்டுக்குத் தூங்கிகினு கீறே. மலர்ந்துட்டா யாருக்கு லாபம்? ஊர்ல நாலு பேரு உன்னத்தானே ஏசுவாங்க? அதான் தெனம் நானே கிள்ளி உங்க அத்தை கையில குடுக்கறேன். சாமிக்கு ஆவுது."

"ஐயோ, அது பழமாகிற பூ அக்கா!"

பச்சையம்மாள் மடியைப் பார்த்தாள், செடியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "காய் வெக்கிற பூவா? பாக்க ஊசிமல்லி மாரி கீதே! இத்த முன்னியே சொல்லக்கூடாதா? வாசனையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல, இத்த போயி கப்பல்ல கொண்டாந்தாங்களேன்னு நானும் நெனச்சிகினுதான் இருந்தேன்."

அழுவதா சிரிப்பதா என்று தெரியவில்லை. பூவைக் காட்டு என்று நான் மாதாவிடம் வேண்டியபோதெல்லாம் அவள் அதைத் தலைக்கு மேலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள். அத்தையிடம் போய்க் குதித்தேன். எந்தச் செடி மொட்டு என்று அவர் கேட்டதே இல்லையாம்; ஆனாலும் அலட்டிக்கொள்ளவில்லை. "சாமிக்கித்தானே போச்சு, சாத்தானுக்கா போச்சு?" என்றார். ஆனால் மத்தியானம் யாருக்கும் தெரியாமல் பாத்தியருகே போய் உட்கார்ந்து, மீதிக் காம்புகளை எண்ணிக்கொண்டிருந்ததைப் பார்த்தேன்.

அதற்குப் பிறகு பச்சையம்மாள் காவல்காரியாகிவிட்டாள். வேலியோரம் யார் வந்தாலும், "கைய வெச்சே, கைய ஒடிச்சிடுவேன்" என்று மிரட்டினாள். மூன்று காய் பிடித்தது. ஒன்றை அணில் கொண்டுபோயிற்று. மற்ற இரண்டும் மாசியில் சிவந்தன. நுவரெலியாப் பழத்தைப் பார்த்தவர்கள் இதைப் பழம் என்றே ஒப்பமாட்டார்கள்; சுண்டைக்காய்க்கு அண்ணன் என்று சொல்லலாம். ஒரு பக்கம் வெயிலில் வெந்திருந்தது. ஆனாலும் விதை வெளியே இருந்தது.

தெருவே வந்து பார்த்தது. அத்தை பழத்தை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, வந்தவர்களை எல்லாம் விரலால் விதையைத் தடவிப் பார்க்க வைத்தார். "என் தம்பி எழுதனது பொய்யா? சொல்லுங்க, பொய்யா?" என்று ஒவ்வொருவராகக் கேட்டார். கூட்டம் கலைந்ததும் ஒரு பழத்தை அரிவாள்மணையில் நாலாக அரிந்தார். அத்தை, என் கணவர், பச்சையம்மாள், நான். இன்னொன்று ஆஸ்பத்திரி டாக்டருக்குக் காட்ட என்று என் கணவர் எடுத்து வைத்திருந்தார்.

பச்சையம்மாள் கண்ணை இறுக மூடித் திறந்தாள். "எலந்தப்பழமே தேவலாம்" என்று தீர்ப்புச் சொன்னாள். என் கணவர் மருந்து விழுங்குவதுபோல் விழுங்கினார். அத்தை மட்டும் மெதுவாக மென்றுவிட்டு என் பக்கம் திரும்பினார். "அங்க தெனம் துன்னவளாச்சே, நீ சொல்லு. இதே ருசிதானா? இல்ல, நம்ம மண்ணுல கெட்டுப்போச்சா?"

பதில் தயாராகத்தான் இருந்தது. அங்கே இதைவிட இனிக்கும் அத்தை என்று சொல்லியிருந்தால் எல்லாருக்கும் மரியாதை மிஞ்சியிருக்கும். பொய் சொல்ல வாயைத் திறந்தேன். வாயில் பழம் இருந்தது. புளிப்பாக இருந்தது. இதுதானா, இதற்காகவா அத்தனை பாட்டுப் பாடினோம்?

"எனக்குத் தெரியாது அத்தை. நான் இப்பதான் தின்னுறேன்."

பாட்டுப் பாடிப் பறித்ததைச் சொன்னேன். ஜன்னலைச் சொன்னேன். பச்சையம்மாள் கன்னத்தில் கைவைத்துக்கொண்டு, "நாங்க மொட்டு கிள்றப்ப வெத்தலையாவது போட்டுக்குவமே" என்றாள். என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப அவன்?" என்றார் அத்தை.

"அப்பாவும் தின்னதில்லை. இருபது வருஷமா கழுவிக் குடுக்கிறார்."

திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். தெருவெல்லாம் படிக்க வைத்த கடிதங்கள் ஆயிற்றே. அத்தை எழுந்து போய் டாக்டருக்காக வைத்திருந்த பழத்தை எடுத்தார். கத்தியால் ஒரு பக்கம் கீறி, உள்ளே உப்பைத் திணித்தார். முற்றத்தில் மோர்மிளகாய் காயவைத்திருந்த முறத்தில் ஓர் ஓரமாக இடம் ஒதுக்கி அதை வைத்தார்.

"என்ன அத்தை செய்யிறீங்க?"

"காயட்டும். காஞ்சா கடுதாசில வெச்சு என் தம்பிக்கு அனுப்பு."

"அத்தை, அந்த ஊர் மலை பூரா இதுதானே இருக்கு! அங்கேயா அனுப்புறது?"

"அங்க கீறது துரையுது. இது அவன் அக்கா வூட்டுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

வெயில் சுள்ளென்று அடித்தது. நான் கையில் ஒரு குச்சியை வைத்துக்கொண்டு முறத்தின் பக்கத்தில் உட்கார்ந்து, நுவரெலியாவுக்குப் போக வேண்டிய ஒற்றை ஸ்டிராபெரியைக் காக்கை கொண்டுபோகாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.