ரெண்டு பல்லு கம்மி

மாமா வாங்கிவந்த ஏடிவியை அம்மா ஒருநாளும் அந்தப் பெயரால் கூப்பிட்டதில்லை. ‘நாலுசக்கரம்’ என்பாள், ஏதோ தெருவில் திரியும் பிராணியைச் சொல்வதுபோல. ஏற்காட்டில் ஒரு விடுதியில் சுற்றுலாக்காரர்களை ஏற்றிக்கொண்டு வட்டமடித்தே ஓய்ந்துபோன, நாலு தடித்த சக்கரம் வைத்த பைக் அது. விடுதிக்காரர்கள் கழித்துக்கட்டிய அன்றே மாமா அதை ஓட்டிக்கொண்டு வந்துவிட்டார். மாமா என்றால் அம்மாவின் தம்பி, கொட்டச்சேட்டில் ஒரு காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அப்பா தவறிய பிறகு நானும் அம்மாவும் அவர் வீட்டில்தான் இருந்தோம். எனக்கு அப்போது பத்து வயது.

எஸ்டேட்டுக்குள் போகும் மண்தடம் சமமாக இருக்கும்வரை வண்டி பறக்கும். கடைசியில் சில்வர் ஓக் மரங்களுக்கு நடுவே, பாறையும் செம்மண்ணுமாக ஒரு மேடு. அங்கே போனதும் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுவிடும். மாமா இறங்கித் தள்ளுவார். அது மட்டும் தானாக ஏறிவிட்டால், முதல் ஆளாக என்னைப் பின்னால் உட்காரவைத்து உச்சிக்குக் கூட்டிப்போவதாக வாக்குக் கொடுத்திருந்தார். நான் பள்ளிக்கூடத்தில் பாதிப் பேரிடம் அதைச் சொல்லியும் விட்டேன்.

ஒரு வியாழக்கிழமை வண்டியை பிக்கப்பில் ஏற்றி ஏற்காட்டில் ஒரு பட்டறையில் விட்டுவந்தார். அந்த நேரம் மெக்கானிக் கடையில் இல்லை. போனில் சொல்லலாமென்றால், எங்கள் வீட்டில் சிக்னல் கிடைப்பது சமையலறை ஜன்னலில் மட்டும்தான். அங்கே எப்போதும் அம்மா நிற்பாள். பள்ளி பஸ் என்னை இறக்கிவிடுவதோ அந்தப் பட்டறைக்கு எதிரில். ஆக, வெள்ளிக்கிழமை காலை சேதி என்னிடம் வந்தது.

“மேட்டுல நல்லா இழுக்கற மாதிரி பண்ணச் சொல்லு கண்ணு. நொம்ப புல்லிங் வேணும்னு சொல்லு. உங்கம்மாகிட்ட மூச்சு உட்றாத.”

பத்து நிமிடம்கூட ஆகவில்லை. எனக்குச் சடை பின்னிக்கொண்டே அம்மா காதருகே குனிந்தாள்.

“அந்த நாலுசக்கரத்தோட வேகத்தக் கொறச்சுடச் சொல்லு கண்ணு. எவ்வளவு மெதுவாப் போனாலுஞ் செரி. மாமனுக்குத் தெரிய வேண்டாம்.”

பஸ்ஸில் எனக்கு உட்காரவே முடியவில்லை. என் வகுப்பில் யார் வேகமாக ஓடுகிறாளோ அவள்தான் பலசாலி. பலமும் வேகமும் எனக்கு ஒரே பொருள்தான். அப்படியிருக்க, ஒருவர் கூட்டச் சொல்கிறார், ஒருவர் குறைக்கச் சொல்கிறார். மாமா சொன்னதை மட்டும் சொன்னால் அம்மாவுக்குத் துரோகம். அம்மா சொன்னதை மட்டும் சொன்னால் உச்சிப் பயணம் போச்சு. இரண்டையும் விழுங்கிவிடலாமா என்றுகூட யோசித்தேன். பட்டறை வாசலில் நின்றபோது வாய் தானாகத் திறந்து, இரண்டையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டது.

மெக்கானிக் அண்ணன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே கேட்டார். பிறகு, “ரெண்டும் ஒரே வேலதான். நீ பள்ளிக்கூடம் போ சாமி,” என்றார்.

பெரியவர்கள் குழந்தைகளைத் துரத்தும்போது இப்படித்தான் ஏதாவது சொல்வார்கள் என்று தோன்றியதால் நான் நகரவில்லை. அவர் எஞ்சினுக்குப் பக்கத்திலிருந்த சின்னப் பல்சக்கரத்தைக் காட்டினார். அதில் பதினாலு பல். அதைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டு பல் சக்கரம் போட்டு, செயினைக் கொஞ்சம் வெட்டி இறுக்கினால் முடிந்ததாம். பல்லு கொறஞ்சா புல்லிங் கூடுமாம்.

“கொறச்சா எப்படிங்கண்ணா கூடும்?”

“உனக்கு ரெண்டு பல்லு போனா முறுக்கு கடிக்க முடியாது. இதுக்குப் போனாத்தான் நல்லாக் கடிக்கும்.”

என் நாக்கு தானாகக் கடைவாயில் விழுந்த பல்லின் இடத்துக்குப் போனது. நாள் முழுக்க அங்கேயே இருந்தது.

அன்று சாயங்காலம் மாமா தனியாகக் கேட்டார், சொல்லிவிட்டேன் என்றேன். அம்மா தனியாகக் கேட்டாள், அவளிடமும் சொல்லிவிட்டேன் என்றேன். இரண்டும் உண்மை, ஆனாலும் இரண்டு பொய் சொன்னதுபோல இருந்தது. சனிக்கிழமை வண்டி வந்தது. ஞாயிறு மாதா கோயில் பூசையில் முழங்காலிட்டபோது, வண்டி மெதுவாகவும் இருக்கவேண்டும், பலமாகவும் இருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். கேட்கும்போதே ஆண்டவர் குழம்புவார் என்று எனக்கே பாவமாக இருந்தது.

கோயில் முடிந்து வந்ததும் மாமா வண்டியை எடுத்தார். அதிசயமாக அம்மாவும் பூசைக்குக் கட்டிய சேலையோடே மேட்டடிக்கு வந்து நின்றாள். சமதரையில் எஞ்சின் முன்னைவிடக் கத்தியது, வண்டியோ முன்னைப்போல ஓடவில்லை. எப்போதும் முதல் வளைவிலேயே தோற்றுவிடும் எஸ்டேட் நாய், இந்த முறை மேடுவரை கூடவே வந்துவிட்டது. மாமா ஏமாந்துவிட்டார் என்று நினைத்தேன். அடுத்த நிமிடம் வண்டி மேட்டில் ஏறியது. இருமவில்லை. ஒவ்வொரு கல்லாக மிதித்து, அவசரமே இல்லாமல் ஏறி, மரங்களுக்குள் மறைந்தது. இப்போது அம்மா ஏமாந்துவிட்டாள். திரும்பிப் பார்க்கவே பயமாக இருந்தது.

மாமா சிரித்துக்கொண்டே வண்டியோடு மேட்டிலிருந்து இறங்கி வந்தார். நான் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு ஓடினேன்.

“அதக் கழட்டிக் குடு கண்ணு,” என்றாள் அம்மா.

தண்டனை ஆரம்பித்துவிட்டது என்று நினைத்தேன். கழற்றிக் கொடுத்தேன். அவள் அதைத் தன் தலையில் மாட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மாமாவுக்குப் பின்னால் ஒருக்களித்து உட்காரப் போனாள்.

“அக்கா, ரெண்டு பக்கமுங் காலப் போட்டு உக்காரு.”

அம்மா தடத்தை இருபுறமும் பார்த்தாள். யாருமில்லை. காலைத் தூக்கிப் போட்டாள்.

“மெதுவாத்தான போவும்?”

“நடக்கறதுக்கும் இதுக்கும் வித்தியாசமே இல்லக்கா.”

அவர்கள் போனார்கள். நெடுநேரம் கழித்து மேலேயிருந்து ஒரு பெண் ஓவென்று கூவிச் சிரிக்கும் சத்தம் கேட்டது. உச்சியில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்றே நினைத்தேன். இறங்கி வந்ததும் அம்மா வண்டியைவிட்டு இறங்கவில்லை. இன்னொரு தடவை போகச் சொன்னாள். நான் பாறையில் உட்கார்ந்து, மாமாவையும் மெக்கானிக்கையும் ஆண்டவரையும் வரிசையாகத் திட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது மெக்கானிக்கல் இன்ஜினியரிங் கடைசி வருடம் படிக்கிறேன். பதினாலைப் பன்னிரண்டாக்கினால் இழுவை ஆறில் ஒரு பங்கு கூடும், வேகம் ஏழில் ஒரு பங்கு குறையும். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அம்மாவுக்கு அன்று முப்பத்திரண்டு வயது. அப்படி ஒரு வயது இருக்கிறதென்றே எனக்கு அப்போது தெரியாது.